சிங்கப்பூர்க் கடிதம்: எங்கள் வீட்டுக்கு வந்த ஆமை



தோட்டத்திலும் பட்டணத்திலும் எல்லாரும் நலந்தானே? இங்கே தேக்காவில் நாங்கள் நலம். சந்தையில் மீன் விலைதான் நலமில்லை. அது கிடக்கட்டும்.

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை. பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார்.

"ஐயா, என் மகன் இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதுகிறான். தானாக ஓடுகிற ரோபோக்களைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். 'அதெல்லாம் பணக்காரப் பிள்ளைகள் படிப்பு, நமக்கு எட்டாது' என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். பையன் முகம் வாடிக் கிடக்கிறது. நீங்கள் சிங்கப்பூரில் இருக்கிறீர்கள். எட்டுமா, எட்டாதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் சொல்லாத வார்த்தையை அந்த அப்பா ஏற்க மாட்டார். ஆகவே, போன விடுமுறையில் என் வீட்டுக் கூடத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு அவரே முடிவு செய்யட்டும்.

நான் குடியிருப்பது பஃபலோ சாலையில். பக்கத்துத் தெருவின் பெயர் கெர்பாவ். மலாய் மொழியில் அதற்கும் எருமை என்றுதான் பொருள். ஒரு காலத்தில் இந்த வட்டாரமே மாட்டு வியாபாரமும் தொழுவமுமாக இருந்ததால் வந்த பெயர்கள். என் தாத்தா ஜொகூரில் மாட்டு வண்டி ஓட்டியவர். "வண்டியில ஏறிப் படுத்துட்டாப் போதும்டா. மாடு கொண்டாந்து வீட்டு வாசல்ல நிறுத்திரும்" என்பார். ஓட்டுகிறவன் தூங்கினாலும் வழி தவறாத வண்டி! தானாக ஓடும் வண்டி நமக்குப் புதிதல்ல, பாருங்கள். மாட்டுக்கு யாரும் வழியை எழுதிக் கொடுத்ததில்லை. இயந்திரத்துக்கு ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் வேற்றுமை.

என் பேத்தி பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைப் பயிற்சிக்கென்று ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திறந்தால், டிபன் கேரியர் மாதிரி ஒரு பொருள். தட்டுத் தட்டாக நான்கு அடுக்கு. அடித்தட்டில் இரண்டு சக்கரமும் மின்கலமும். அதற்கு மேல் சக்கரங்களை ஆட்டி வைக்கும் மின்பலகை. மூன்றாம் தட்டில் உள்ளங்கை அளவே உள்ள ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி. உச்சியில் சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு கண். எல்லாம் சேர்த்து எடை ஒரு கிலோதான். முழு வேகத்தில் ஓடினாலும் வினாடிக்கு 22 சென்டிமீட்டர். என் மனைவி கோயிலைச் சுற்றும் வேகம்கூட அதைவிட அதிகம்.

"இதுக்குப் பேரு டர்ட்டில்பாட், தாத்தா. ஆமை!" என்றாள்.

ஆமை என்ற பெயருக்கும் ஒரு வம்ச வரலாறு உண்டு. 1948, 49-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற மூளை ஆராய்ச்சியாளர் எல்மர், எல்சி என்று இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். வெளிச்சத்தைத் தேடித் தாமாகவே ஊர்ந்து போகும் ஆமைகள் அவை. அதன்பின் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கவும் ஆமைகள் வந்தன. அந்த வரிசையில் 2010-இல் அமெரிக்காவில் பிறந்தது முதல் டர்ட்டில்பாட். எங்கள் வீட்டுக்கு வந்தது, 2017-இல் வெளியான மூன்றாம் தலைமுறை.

"சரி, அமுக்கு. ஓடட்டும்" என்றேன்.

பேத்தி சிரித்தாள். "இப்ப இது வெறும் உடம்பு தாத்தா. உயிர் இனிமேதான் ஏத்தணும். அதுக்கு ரோஸ் போடணும்."

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "ரோஸா? மல்லிகை வைக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

இந்த ரோஸ் பூ அல்ல, வாசகர்களே. ரோபோவை இயக்கும் மென்பொருள் தொகுதியின் சுருக்கப் பெயர். அது என்ன செய்கிறது என்பதைத் தோட்டத்து வழக்கில் சொல்கிறேன். தோட்ட ஆபீஸ் வாசலில் அறிவிப்புப் பலகை இருக்குமல்லவா? ரோஸும் அப்படித்தான். ரோபோவுக்குள் கண் ஒரு வேலையாள், சக்கரம் ஒரு வேலையாள், வழி பார்ப்பவர் இன்னொரு வேலையாள். கண், தான் பார்த்த தூரங்களை ஒரு பலகையில் எழுதிப் போடும். யாருக்குத் தேவையோ அவர் படித்துக்கொள்வார். வழி பார்ப்பவர், "மெதுவாகப் போ, இடப்பக்கம் திரும்பு" என்று வேறொரு பலகையில் எழுதுவார். சக்கரம் அதைப் படித்துத் திரும்பும். யார் எந்தப் பலகையில் எழுதுவது, எப்படி எழுதுவது என்ற ஒழுங்குதான் ரோஸ்.

இதன் பிறப்பும் கேட்கத் தக்கது. 2007-இல் கலிபோர்னியாவில் வில்லோ கராஜ் என்ற நிறுவனத்தில் இந்த வேலை சூடு பிடித்தது. அதுவரை ரோபோ செய்ய வந்த ஒவ்வொரு மாணவனும் முதலிலிருந்து எல்லாவற்றையும் தானே எழுதிக்கொண்டிருந்தான். பாதி வாழ்நாள் அதிலேயே போய்விடும். "ஒருமுறை எழுதியதை எல்லாருக்கும் கொடுத்துவிடுவோம். எடுத்துக்கொள்ளட்டும், திருத்தட்டும், திருத்தியதைத் திருப்பித் தரட்டும்" என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இதைத்தான் திறந்த மூலம் என்கிறார்கள். சமையல் குறிப்பை மறைக்காமல் ஊருக்கே எழுதிக் கொடுப்பது போல. 2014-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. ஆனால் ரோஸ் சாகவில்லை. 2012-லேயே தொடங்கிவிட்ட ஓர் அறநிறுவனமும் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோரும் சேர்ந்து அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வெட்டியவர் போய்விட்டாலும் ஊர்ப் பொதுக்கிணறு வற்றவில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதை.

முதல் நாள் முழுதும் பொருத்தம் பார்ப்பதிலேயே போயிற்று. ஆம், கல்யாணப் பொருத்தம் போலத்தான். கணினிக்கு உபுண்டு என்ற அடிப்படை வேண்டும். அதுவும் இலவசந்தான். உபுண்டு 22.04 என்றால் அதற்கேற்ற ரோஸ் பதிப்பு ஹம்பிள். 24.04 என்றால் ஜாஸி. மாற்றிக் கட்டி வைத்தால் குடித்தனம் நடக்காது. என் பேத்தியின் மடிக்கணினியில் ஒன்று, ஆமையின் மெமரி கார்டில் மற்றொன்று. போதாக்குறைக்கு, அவள் கையில் வைத்திருந்த செய்முறை பழைய ரோஸுக்கு எழுதியது. அந்தப் பழையதோ 2025 மே மாதத்தோடு ஓய்வு பெற்றுவிட்டது. திரையில் சிவப்புச் சிவப்பாகப் பிழைகள் ஓடின. இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் விளக்கு எரிவதைப் பார்த்து எழுந்து வந்தேன். கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இது வராது தாத்தா."

நான் நாற்பது ஆண்டு மின்தூக்கி பழுது பார்த்தவன். "கோளாறான லிஃப்ட்டு முன்னாடி நின்னுக்கிட்டு எனக்கு இது வராதுன்னு நான் சொல்லியிருந்தா, பத்தாவது மாடிக் கிழவி எப்படிம்மா வீட்டுக்குப் போவா? படு. காலையில பாத்துக்கலாம்" என்றேன்.

காலையில் பசியாறிவிட்டு இருவரும் ஜாலான் புசார் பக்கம் உள்ள சிம் லிம் டவருக்கு நடந்தோம். மின்னணுச் சாமான்களுக்குப் பெயர் போன கட்டடம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். புதிய மெமரி கார்டு ஒன்று வாங்கினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பொருத்தமான இரண்டையும் எடுத்து, அடியிலிருந்து தொடங்கினாள். பன்னிரண்டு மணிக்குள் பொருந்திவிட்டது. பாதி இடிந்த சுவரின் மேல் பூசுவதைவிட இடித்துக் கட்டுவது சில நேரம் சுலபம்.

அன்று பிற்பகல், இரண்டாம் கட்டம். ஆமைக்கு அதன் சொந்த விவரங்களைச் சொல்ல வேண்டும். நீ எந்த மாதிரி, உன் தலையில் உள்ள கண் எந்த மாதிரி, உன் குழு எண் என்ன? இந்தக் குழு எண் ஒரு வேடிக்கை. ஒரே வலையில், ஒரே எண்ணில் உள்ள கணினியும் ரோபோவும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும். இந்த ஆமைக்குச் செய்முறையில் எழுதியுள்ள எண் 30. என் பேத்தியின் வகுப்பில் ஆறு ஆமைகள். ஆறு பேரும் அப்படியே 30 என்று போட்டுவிட்டார்கள். ஒருவன் தன் ஆமையை முன்னே விட விசையை அழுத்தினான். மற்ற ஐந்தும் சேர்ந்து புறப்பட்டன! ஒன்று மேசையிலிருந்து குதித்தே விட்டதாம். அதன்பிறகு ஆளுக்கொரு எண்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. கண் பார்க்கிறது, சக்கரம் ஓடுகிறது, ஆனால் கண் சொல்வதை வழி பார்ப்பவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மாலை முழுதும் தேடினாள். உலகில் எங்கோ முகம் தெரியாத ஒருவர் இதே தவிப்பைப் பட்டு, கண்டுபிடித்த விடையையும் எழுதி வைத்திருந்தார். கோளாறு கடிகாரத்தில்! மூன்றாம் தட்டில் இருந்த ராஸ்பெர்ரி பை 4-இல் கடிகாரத்துக்கென்று தனி மின்கலம் கிடையாது. அணைத்துவிட்டால் அதன் நேரம் நின்றுவிடும். மறுபடி இணையத்தைப் பிடித்தால்தான் சரி செய்துகொள்ளும். பேத்தியோ பயிற்சிக்காக இணையம் இல்லாத ஒரு தனிப் பெட்டியில் இரண்டையும் இணைத்திருந்தாள். ஆமை சில மணி நேரம் பின்தங்கி இருந்தது. ஆகவே அது அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும், "இது பழைய செய்தி" என்று மடிக்கணினி தள்ளிவிட்டது. இரண்டின் நேரத்தையும் ஒன்றாக்கியதும் வேலை முடிந்தது. காரணம் சிறிது, தவிப்பு பெரிது. இந்தத் தொழிலில் பாதி நாள் இப்படித்தானாம்.

மூன்றாம் நாள்தான் விருந்து. வரைபடம் வரையும் நாள்.

உச்சியில் உள்ள கண் நம் கண் போன்றதல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிரைச் சுற்றிலும் அனுப்பி, அது எதில் பட்டுத் திரும்புகிறதோ அதன் தூரத்தை அளக்கிறது. பேத்தி விசையைத் தட்டித் தட்டி ஆமையை அறை அறையாக நடத்திப் போனாள். திரையில் எங்கள் வீடு கொஞ்சம் கொஞ்சமாக உருவாயிற்று. போகக்கூடிய இடம் வெள்ளை, சுவர் கறுப்பு, இன்னும் தெரியாத இடம் சாம்பல். ஒவ்வொரு புள்ளியும் ஐந்து சென்டிமீட்டர். தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தால்தான் படம் வரைய முடியும், படம் இருந்தால்தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கணக்கிட்டுக்கொண்டே போகிறது அந்த மென்பொருள்.

பார்த்துக்கொண்டே இருந்த என் மனைவி திடீரென்று, "என்னங்க, நம்ம வீட்ல இன்னொரு ரூம் இருக்கு!" என்றாள்.

உண்மைதான். படுக்கையறைச் சுவருக்கு அப்பால், பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாற்போல், படத்தில் ஓர் அறை! சிங்கப்பூரில் ஓர் அறை கூடுதலாகக் கிடைப்பது சாதாரண விஷயமா? காசில்லாமல் கிடைத்ததே என்று சிரித்தோம். ஆனால் பேத்திக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று முறை அழித்து வரைந்தாள். மூன்று முறையும் அந்த மாய அறை வந்தது.

அந்த நேரம் பார்த்து மேல்மாடித் தங்கச்சி வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. மருத்துவமனை ஒன்றில் துப்புரவு வேலை, சில நாள் சாப்பாட்டு வண்டி தள்ளும் வேலை. வாசலில் நின்று ஆமையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இது மாதிரி பெருசு எங்க இடத்துக்கும் வருதுன்னு பேசிக்கிறாங்க அண்ணே. இது வந்துட்டா நாங்கள்லாம் எங்க போறது?"

நான் என்ன பதில் சொல்வது? சமாதானத்துக்கு ஒரு பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பேச்சை மாற்ற, மாய அறையைக் காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள். பிறகு பீரோவைப் பார்த்தாள். உச்சி முதல் தரை வரை கண்ணாடி பதித்த பழைய பீரோ.

"இந்தக் கண்ணாடிதான் காரணமா இருக்கும். எங்க இடத்துல கண்ணாடிக் கதவைத் தொடச்சுப் பளபளன்னு வச்சா, மனுஷாளே போய் முட்டிக்கிறாங்க. அதுக்குத்தான் நடுவுல ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருப்பாங்க. இதுக்கும் ஒண்ணை ஒட்டிப் பாரேன் பாப்பா."

பேத்தி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓடிப்போய் ஒரு பழுப்புக் காகிதத்தைக் கிழித்து, ஆமையின் கண் இருக்கும் உயரத்தில், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், கண்ணாடியின் குறுக்கே ஒட்டினாள். மறுபடி வரைந்தாள். மாய அறை போயே போய்விட்டது! கதிர் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, எதிரே உள்ள அறையையே அப்பால் இருப்பதாகக் காட்டியிருக்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவிக்கும் நாற்பதாண்டு மின்தூக்கிக்காரனுக்கும் தோன்றாதது, தினமும் கண்ணாடி துடைக்கிற கைக்குத் தோன்றியது.

நான்காம் நாள் ஆமையைத் தானாக நடக்கவிட்டோம். படம் தயார். "சமையலறைக்குப் போ" என்று படத்தில் இடத்தைக் காட்டினாள். ஆமை திருதிருவென விழித்தது. வட்டமடித்தது. பிறகு நேரே போய்ச் சோபாவில் இடித்தது. படம் சரி, கண் சரி, சக்கரம் சரி. பின்னே ஏன்?

"அய்யோ! நீ இப்ப எங்க நிக்கிறேன்னு அதுகிட்ட சொல்லவே இல்லையே" என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

திரையில் ஒரு பொத்தானை அழுத்தி, ஆமை நிற்கும் இடத்தைத் தொட்டு, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஓர் அம்பை இழுத்தாள். உடனே நூற்றுக்கணக்கான சின்ன அம்புகள், கோலப்பொடி சிந்தினாற்போல் அந்த இடத்தைச் சுற்றித் தெளிந்தன. ஒவ்வொன்றும், "நான் இங்கே இருக்கலாம்" என்று ஆமை செய்யும் ஓர் ஊகமாம். மெல்ல நகரச் செய்தாள். கண் பார்ப்பதையும் படத்தையும் ஒப்பிட்டு, பொருந்தாத ஊகங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அம்புகள் எல்லாம் ஒடுங்கி ஒரே பிடியாயின. ஆமைக்குத் தன் இடம் தெரிந்துவிட்டது. சமையலறைக்குப் போகச் சொன்னாள். நாற்காலிக் கால்களைச் சுற்றி, என் மனைவியின் காலடியில் போய் நின்றது. அவள் அதன் தலையில் விபூதி வைக்கப் போனாள். நல்ல வேளை, பேத்தி தடுத்துவிட்டாள். கண்ணை மறைத்துவிடுமல்லவா?

போகும் இடம் எவ்வளவு தூரமானாலும், முதலில் இருக்கும் இடம் தெரிய வேண்டும். இது ஆமைக்கு மட்டுமா?

வெளி நடையில் விட்டபோது இன்னொரு பாடம். வீட்டு வாசல் தோறும் செருப்புகள். ஆமையின் கண் தன் உயரத்தில் உள்ளதை மட்டும் பார்க்கும். தரையோடு கிடக்கும் செருப்பு அதற்கு இல்லாத பொருள். ஏறி, ஒருபக்கம் சாய்ந்து, சக்கரம் சுழல நின்றது. மேல்மாடித் தங்கச்சிதான் தூக்கி நிறுத்தினாள். "வாசல்ல செருப்பு கிடக்கும்னு இதுக்கு யாருமே சொல்லிக் குடுக்கலையா?" என்று கேட்டாள். இந்த முறை அவள் குரலில் பயம் குறைவாக இருந்தது.

அவளுடைய கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும்.

இந்த நகரில் இது விளையாட்டுச் சாமான் அல்ல. 2020 மே மாதம், தொற்றுக் காலத்தில், பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் நாலுகால் ரோபோ ஒன்று, இடைவெளி விட்டு நடக்கச் சொல்லி அறிவித்துக்கொண்டே போனது. 2021 செப்டம்பரில் தோ பாயோவில் சேவியர் என்ற ரோபோவை ரோந்து விட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் மருத்துவமனைகள். சாங்கி பொது மருத்துவமனையில் 2015-இல் இதற்கென்றே ஒரு நிலையம் அமைத்தார்கள். அங்கே ஒரு பெரிய சிக்கல் தெரிந்தது. மருந்து கொண்டு போகும் ரோபோ ஒரு கம்பெனி, துணி கொண்டு போவது இன்னொரு கம்பெனி, தரை கழுவுவது மூன்றாவது. ஒன்றுக்கு மற்றதன் பாஷை தெரியாது. குறுகிய நடையில் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது? மின்தூக்கியை யார் முதலில் கூப்பிடுவது? பொத்தானை அழுத்த ரோபோவுக்கு விரலும் இல்லை.

அதற்காக ரோஸ் அடிப்படையில் ஒரு பொது மொழியைச் சிங்கப்பூரிலேயே உருவாக்கினார்கள். பல கம்பெனி ரோபோக்களும் கதவும் மின்தூக்கியும் அதன் வழியே பேசிக்கொள்ளும். நான்கு மொழி பேசும் நாட்டில் இப்படி ஒன்று பிறந்தது பொருத்தந்தான். அதன் மூல நிரலையும் பூட்டி வைக்காமல் ஓப்பன் ஆர்எம்எஃப் என்ற பெயரில் உலகுக்கே திறந்து கொடுத்துவிட்டார்கள். நான் எண்ணெய்க் கையோடு பழுது பார்த்த மின்தூக்கியை நாளை ஓர் ஆமை கூப்பிடும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆகவே மேல்மாடித் தங்கச்சியிடம் இதைத்தான் சொன்னேன். "வண்டி தள்ற வேலையில கொஞ்சம் போகத்தான் செய்யும்மா. போகாதுன்னு சொன்னா அது பொய். ஆனா எந்தக் கதவு கண்ணாடி, எந்த நடையில எத்தனை மணிக்குக் கூட்டம், எங்க செருப்பு கிடக்கும், இதெல்லாம் அதுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். சொல்லிக் குடுக்க ஆள் வேணும். பயிற்சின்னு கூப்பிட்டா, வயசாச்சுன்னு ஒதுங்காதே. முதல் ஆளாப் பேரைக் குடு."

அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் போகும்போது பேத்தியிடம், "பாப்பா, அந்த அம்பு இழுக்கிறது எப்படின்னு நாளைக்கு எனக்கும் காட்டு" என்றாள்.

இப்போது, பேராக் தாய்க்கு.

அம்மா, எட்டும். கண்டிப்பாக எட்டும். என் பேத்தி செய்ததில் மென்பொருளுக்கென்று ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆமைகூட வேண்டியதில்லை. ரோஸோடு டர்ட்டில்சிம் என்ற திரை ஆமை ஒன்று வருகிறது. பழைய மடிக்கணினியிலும் அது ஓடும். அதில் பலகையில் எழுதுவதும் படிப்பதும் பழகட்டும். பிறகு கெஸிபோ என்ற மென்பொருளில் வீடு, சுவர், ரோபோ எல்லாம் திரைக்குள்ளேயே ஓடும். அதற்குச் சற்று வலுவான கணினி வேண்டும். பள்ளியிலோ கல்லூரியிலோ கிடைத்தால் போதும். இடையில் பைத்தான் என்ற நிரல் மொழியைக் கொஞ்சம் கற்கட்டும். கணக்கை, அதிலும் முக்கோணக் கணக்கை, விடக்கூடாது. செய்முறைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பதிப்புக்கு எழுதியது என்பதை முதலில் பார்த்துவிட்டு, மெதுவாகப் படிக்கட்டும். ஈப்போவில் 1969 முதல் இருக்கும் உங்கு ஓமார் பலதுறைத் தொழிற்கல்லூரி போன்ற இடங்களில் பொறியியல் படிப்புகள் உண்டு. எஸ்.பி.எம். முடிந்ததும் ஆசிரியரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். ரோஸ் வல்லுநர்களின் உலக மாநாடு 2025 அக்டோபரில் இந்தச் சிங்கப்பூரிலேயே நடந்தது. உலகம் அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது.

அவன் அப்பாவிடமும் ஒரு வார்த்தை. ஐயா, நம் பெரியவர்கள் காட்டை வெட்டித் தோட்டமாக்கினார்கள். ஆனால் அந்தத் தோட்டம் நம் பெயரில் இல்லை. இந்தக் கிணறு அப்படியல்ல. பொதுக்கிணறு. யார் பிள்ளை என்று கேட்காது. வாளியும் கயிறும் மட்டும் நாம் கொண்டு போக வேண்டும். வாளி என்பது பொறுமை. கயிறு என்பது இரவு இரண்டு மணிக்கு அழுதாலும் காலையில் மறுபடி உட்காரும் பிடிவாதம். தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்விரண்டும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

தம்பி தன் முதல் வரைபடத்தை வரைந்ததும் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மாய அறை ஏதும் வந்திருந்தால் பயப்பட வேண்டாம். மேல்மாடித் தங்கச்சியிடம் கேட்டுப் பதில் எழுதுகிறேன்.

அடுத்த கடிதத்தில் சந்திப்போம். வணக்கம்.